சிறுபடைக் கதை எழுதும் தம்பி தங்கைகளுக்கு



2024 தீபாவளிக்கு 'அமரன்' வந்து ஓடியதிலிருந்து வடபழனியிலும் சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் நடக்கிற கதை விவாதங்களில் ராணுவக் கதைகள் பெருகிவிட்டன. நீங்கள் என்னிடம் சொன்ன கதைகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் இருந்தன. எல்லைக்கு அப்பால் ஓர் ஆயுதக் கிடங்கு, அல்லது சிறைப்பட்ட ஒரு விஞ்ஞானி. இருட்டில் அங்கே போகிற ஆறேழு கமாண்டோக்கள். அவர்களுக்குத் தலைவனாக ஹீரோ. கேட்டு முடித்ததும் எல்லோரிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அந்தக் குழுவின் நான்காவது ஆள் யார்? எந்த ஊர், என்ன வேலை தெரியும், எதைக் கண்டால் பயப்படுவான்? "அதெல்லாம் ஸ்கிரீன்பிளேல வந்துடும் சார்" என்பதுதான் பெரும்பாலும் கிடைத்த பதில்.

அது தானாக வராது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

பெரும்போரைக் காட்டும் படத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் நாம் பார்ப்பது புகையையும் மண்ணையும்தான். எட்டுப் பேர் போகிற கதையில் ஒருவர் விழுந்தால் மிச்சம் ஏழு. அவர் சுமந்த மூட்டையை இன்னொருவர் சுமக்க வேண்டும், அவருக்கு மட்டுமே தெரிந்த வேலையைத் தெரியாத ஒருவர் செய்தாக வேண்டும். பார்க்கிறவர் மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இந்தக் கணக்கைத் திரையிலேயே எழுதிக் காட்டியவர் அகிரா குரோசவா. 'ஏழு சாமுராய்' (1954) படத்தில் சாமுராய்களின் தலைவர் காம்பெய் ஒரு தாளில் கொள்ளையர் நாற்பது பேருக்கும் நாற்பது வட்டம் போட்டு வைத்திருப்பார். ஒருவன் விழுந்தால் ஒரு வட்டம் அடிபடும். இந்தப் பக்கம் ஊருக்கு வெளியே மேட்டில் கல்லறைகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் நான்காகும். ஏழில் நான்கு. அது ராணுவப் படமில்லைதான். ஆனாலும் ஆள் சேர்ப்பது, இடத்தை அளப்பது, காத்திருப்பது, மோதுவது என்று பின்னால் வந்த எத்தனையோ கமாண்டோ படங்களின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது. அந்த எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டவர்களில் பலர் கணக்கை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

கணக்கை விடாத ஒரு படத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களில் பலர் அதை இன்னும் பார்க்கவில்லை.

பரீஸ் வசீலியெவ் 1969இல் எழுதிய ரஷ்யக் குறுநாவல் 'அதிகாலையின் அமைதியில்' என்ற பெயரில் தமிழிலும் வந்தது. மாஸ்கோவில் அச்சாகி, நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியாக நம் ஊர்களுக்கு வந்த மலிவு விலைப் புத்தகங்களில் அதுவும் ஒன்று. அதை ஸ்தனிஸ்லாவ் ரஸ்தோத்ஸ்கி 1972இல் படமாக்கினார். ரஸ்தோத்ஸ்கி போரில் காயம்பட்டு ஒரு காலை இழந்தவர். களத்திலிருந்து அவரைத் தூக்கி வந்து காப்பாற்றியது ஒரு பெண் செவிலி. படத்தை அவர் அந்தப் பெண்ணுக்குத்தான் காணிக்கையாக்கினார்.

கதை நடப்பது 1942 மே மாதம், கரேலியாவில் ஒரு சின்ன ரயில் நிறுத்தம். விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இயக்கும் பெண்கள் அங்கே தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு மேலதிகாரி வஸ்கோவ் என்ற ஒரு சார்ஜன்ட். நாலு வகுப்புப் படித்தவர், எதற்கும் ராணுவ விதிப்புத்தகத்தைத் தேடுகிறவர். ஒரு விடியலில் காட்டுக்குள் இரண்டு ஜெர்மன் வீரர்களைப் பார்த்ததாக அந்தப் பெண்களில் ஒருத்தியான ரீத்தா வந்து சொல்கிறாள். இருவரைப் பிடிக்க ஐந்து பெண்கள் போதும் என்று வஸ்கோவ் கிளம்புகிறார். சதுப்பைக் கடந்து, ஏரிக்கரையில் பதுங்கி, அந்த இருவருக்காகக் காத்திருக்கிறார்கள். மரங்களுக்கு நடுவிலிருந்து ஒருவன் வருகிறான். இன்னொருவன். மூன்றாமவன் வருகிறான், நான்காமவன் வருகிறான். பதினாறு வரை எண்ண வேண்டியிருக்கிறது. ஒரு தோட்டா வெடிப்பதற்கு முன்பே, படத்தின் மிகப் பயங்கரமான கணம் அது. எதிரிகள் ஒன்றும் செய்யவில்லை, வெறுமனே நடந்து வருகிறார்கள்.

அங்கிருந்து அந்த ஐந்து பேரும் ஒவ்வொருவராகப் போகிறார்கள். ஒரு சாவு மாதிரி இன்னொரு சாவு இருக்காது. உதவி கேட்டுவர அனுப்பப்பட்ட லீஸா சதுப்பில் மூழ்கிவிடுகிறாள். சண்டையே இல்லை, எதிரி பக்கத்தில்கூட இல்லை. அவள் போய்ச் சேர்ந்திருப்பாள், ஆள் வரும் என்று வஸ்கோவ் நம்பிக்கொண்டே போராடுகிறார். நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. ஜெர்மன் தெரிந்த, கவிதை படிக்கிற சோனியா, அவர் மறந்து வைத்துவிட்டு வந்த புகையிலைப் பையை எடுத்துவர ஓடிக் கத்திக்குத்தில் சாகிறாள். ஒரு புகையிலைப் பைக்காக! அதற்குப் பிறகு நடப்பது இன்னும் கடினம். கால்யாவின் பூட்ஸ் ஒன்று சதுப்பில் போய்விட்டது. இறந்தவளின் கால்களிலிருந்து வஸ்கோவ் பூட்ஸைக் கழற்றி அவளிடம் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். அவள் அழுது மறுக்கிறாள். அவர் சொல்வது சரி, போரில் அது தேவை. அவள் மறுப்பதும் சரி. இந்தக் காட்சிக்கு எந்த ஸ்டண்ட் மாஸ்டரும் வேண்டாம். ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தால் போதும்.

ஷேன்யா எதிரிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போய் விழுகிறாள். ரீத்தாவுக்கு ஒரு மகன் இருக்கிறான். கடைசியில் அவனை வஸ்கோவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறாள். முடிவில் அந்த ஆள், கையில் காயத்தோடு, மிச்சமிருந்த எதிரிகளைத் தனியாகச் சிறைபிடிக்கிறார். நம் படமாக இருந்தால் அது மாஸ் சீன். இங்கே அவர் ஐந்து பெண்கள், ஐந்து பேர்தான் என்று அந்தக் கைதிகளிடமே கதறுகிறார். அந்த எண் நமக்கும் கனக்கிறது, ஏனென்றால் மூன்று மணி நேரமாக நாமும் அவர்களைத் தனித்தனியாக அறிந்திருக்கிறோம். போர் நடப்பது கறுப்பு வெள்ளையில். அந்தப் பெண்கள் போருக்கு முன் வாழ்ந்த வாழ்க்கை வண்ணத்தில் வந்து போகும். நினைவுக் காட்சிகளைக் கத்தரித்தால் வேகம் கூடும் என்று உங்கள் எடிட்டர் சொல்லுவார். வேகம் கூடும்தான். அந்தக் கதறல் வெறும் சத்தமாகிவிடும்.

இந்தக் கதையின் சாயல் நம்மிடம் ஏற்கெனவே வந்திருக்கிறது. எஸ்.பி. ஜனநாதன் 2009இல் எடுத்த 'பேராண்மை'யைத்தான் சொல்கிறேன். ஒரு வனத்துறை அதிகாரி, ஐந்து மாணவிகள், காடு, உள்ளே நுழைந்துவிட்ட கூலிப்படை. வசீலியெவின் கதையை அவர் நம் மண்ணுக்குக் கொண்டுவந்த விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். அந்த வனத்துறை அதிகாரி துருவன் பழங்குடியைச் சேர்ந்தவன், மேலதிகாரி அவனைச் சாதியைச் சொல்லி அவமதிக்கிறான், மாணவிகளில் சிலரும் முதலில் அவனை மட்டமாகத்தான் பார்க்கிறார்கள். இந்தியாவில் ஆறு பேரைக் காட்டுக்குள் அனுப்பினால் அவர்களோடு சாதியும் சேர்ந்தே போகும் என்பதை ஜனநாதன் தெரிந்து எழுதினார். படம் முடியும்போது பதக்கம் துருவனுக்குப் போகவில்லை, அந்த மேலதிகாரிக்குப் போகிறது. துருவன் மறுபடி பாடம் நடத்தப் போய்விடுகிறான். யார் பெயர் கணக்கில் ஏறுகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்ற கேள்வியை வணிகப் படத்தின் கடைசி ரீலில் வைக்கத் துணிச்சல் வேண்டும்.

ஆனால் பின்பாதியில் துருவனின் தோள்கள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. மாணவிகள் அவனுக்குத் துணையாகிவிடுகிறார்கள். வஸ்கோவ் தவறு செய்கிறவர், புகையிலைப் பையை மறக்கிறவர், அந்த மறதிக்கு ஒரு உயிர் விலையாகப் போகிறது. துருவனுக்கு அப்படி ஒரு தவறு கொடுக்கப்படவில்லை. நட்சத்திரத்துக்குத் தவறு கொடுக்கத் தயாரிப்பாளர்கள் தயங்குவார்கள் என்பது எனக்கும் தெரியும். அந்தத் தயக்கத்தோடு மல்லுக்கட்டுவதுதான் உங்கள் வேலையின் பாதி. 'உரி' (2019) வேகமான, கைதேர்ந்த படம். அதைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் நாயகனுக்குப் பின்னால் சுவரேறியவர்களில் ஒருவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். 'அமரன்' ஒரு தனிமனிதரின் வாழ்க்கைக் கதை, அதை இந்தத் தராசில் வைப்பது நியாயமில்லை. ஆனாலும் மேஜர் முகுந்த் வரதராஜனோடு அதே நாளில் உயிர் கொடுத்த சிப்பாய் விக்ரம் சிங்குக்கு அதில் முகமும் சிரிப்பும் நட்பும் இருந்தன. அவர் விழும்போது தியேட்டர் அமைதியானது அதனால்தான்.

அடுத்து நான் பேச விரும்புவது வேலையைப் பற்றி. உங்கள் கதைகளில் கமாண்டோக்கள் சுடுகிறார்கள். வேறு என்ன செய்கிறார்கள்?

நார்வேயின் கனநீர்க் கதையைப் படியுங்கள். ஜெர்மானியர்கள் அணு ஆராய்ச்சிக்குக் கனநீரைப் பயன்படுத்தினார்கள். அது வேமோர்க் என்ற இடத்து நீர்மின் நிலையத்தை ஒட்டிய ஆலையில் தயாரானது. 1942 அக்டோபரில் நான்கு நார்வேக்காரர்கள் ஹார்டாங்கர் பீடபூமியில் பாராசூட்டில் இறங்கினார்கள். நவம்பரில் அவர்களுக்குத் துணையாக இரண்டு கிளைடர்களில் பிரிட்டிஷ் வீரர்கள் வந்தார்கள். இரண்டும் விழுந்து நொறுங்கின. உயிர் பிழைத்தவர்களை ஜெர்மானியர்கள் கொன்றார்கள். அந்த இரவில் தொடங்கிய நடவடிக்கையில் போன உயிர்கள் மொத்தம் 41. பனிக்காட்டில் இருந்த நால்வரும் அடுத்த குழு வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உணவு தீர்ந்து, பாறையில் படர்ந்த பாசியைத் தின்றார்கள். கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் ஒரு ரெய்ண்டீர் கிடைத்தது. 1943 பிப்ரவரியில் மேலும் ஆறு பேர் குதித்தார்கள். தலைவர் யோவாக்கிம் ரொன்னபெர்க்குக்கு வயது 23.

ஆலைக்குப் போக ஒரே ஒரு தொங்குபாலம், அதில் காவல். பாலத்தை விட்டுவிட்டு, ஆழமான பள்ளத்தாக்கில் இறங்கி, உறைந்த ஆற்றைக் கடந்து, மறுபக்கப் பாறையில் ஏறுவது என்று முடிவானது. பாறையில் மரங்கள் வேர்பிடித்திருந்ததைப் புகைப்படத்தில் பார்த்து, மரம் நிற்கிற இடத்தில் ஆளும் ஏறலாம் என்று கணித்தார்கள். கிளாவ்ஸ் ஹெல்பெர்க் பகலிலேயே போய் வழியைப் பார்த்துவிட்டு வந்தார். பிப்ரவரி 27 நள்ளிரவையொட்டி ஒன்பது பேர் ஏறினார்கள். வாசல் சங்கிலியை வெட்டிய கத்தரி, இங்கிலாந்தில் இருந்தபோது ரொன்னபெர்க் கேம்பிரிட்ஜில் ஒரு கடையில் தானே வாங்கி வைத்தது. கம்பிவடங்கள் போகும் ஒரு குறுகலான பாதை வழியாக இருவர் தவழ்ந்து உள்ளே போனார்கள். உள்ளே இருந்தவர் ஒரு நார்வேக் காவலாளி. வெடி வைத்துத் திரியைக் கொளுத்தப் போகும் நேரத்தில் அவர், என் மூக்குக்கண்ணாடியைக் காணோம், போர்க்காலத்தில் வேறு வாங்க முடியாது என்றார். வேலையை நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தார்கள். இரண்டு நிமிடத் திரியை முப்பது விநாடிக்குக் குறைத்தார்கள், வெடித்ததைத் தாங்களே உறுதி செய்துகொண்டு போகவேண்டும் என்பதற்காக. வெடிச்சத்தம் வெளியே பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு ஜெர்மன் காவலன் விளக்கோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அவன்மீது குறிவைத்திருந்த துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. அன்றிரவு அவர்கள் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. ஐந்து பேர் பனிச்சறுக்கில் ஸ்வீடனுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

மூக்குக்கண்ணாடியைத் தேடிய அந்தச் சில விநாடிகளை யோசித்துப் பாருங்கள். இன்டர்வெல் பிளாக் வேண்டும் என்று தவிக்கிறீர்களே, இதைவிடப் பதற்றமான ஒன்றை எந்த டிஸ்கஷனிலும் யாரும் சொல்லமாட்டார்கள். மனிதன் எப்படிப்பட்டவன் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் 1965இல் ஆந்தனி மான் எடுத்த 'ஹீரோஸ் ஆஃப் டெலிமார்க்' படத்தில் இல்லாத ஒரு பேராசிரியரை உண்டாக்கி, கிர்க் டக்ளஸை அந்த வேடத்தில் நிறுத்தி, காதலையும் துப்பாக்கிச் சூட்டையும் சேர்த்தார்கள். பனிமலைக் காட்சிகள் கண்ணுக்கு விருந்து என்பதை மறுக்க மாட்டேன். அதற்கு முன்பே 1948இல் நார்வேயும் பிரான்ஸும் சேர்ந்து எடுத்த படத்தில், அந்த வேலையைச் செய்தவர்களில் பலரே தங்கள் வேடத்தில் நடித்திருந்தார்கள். நடிப்பென்று பெரிதாக எதுவும் இருக்காது. ஆனால் பனிச்சறுக்குப் பலகையைக் கட்டுகிற கை பழகிய கை. அந்தப் படத்தையும் தேடிப் பாருங்கள், அந்தக் கையைப் பாருங்கள்.

இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு, நான் இந்த மடலை எழுத முக்கியக் காரணமே அதுதான். வேமோர்க்கில் அவர்கள் வேண்டுமென்றே ஒரு தாம்சன் துப்பாக்கியை விட்டுவிட்டு வந்தார்கள். இதைச் செய்தது பிரிட்டிஷ் படைதான், உள்ளூர்க்காரர்கள் இல்லை என்று ஜெர்மானியர்களுக்குத் தெரியவேண்டும், ஊர்மக்கள்மீது பழிவாங்கல் விழக்கூடாது என்ற கவலை. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1944 பிப்ரவரி 20 ஞாயிற்றுக்கிழமை, எஞ்சியிருந்த கனநீரை ஜெர்மனிக்குக் கொண்டுபோக ஒரு படகுக்கப்பலில் ஏற்றினார்கள். முந்தைய இரவு க்னுட் ஹௌகெலிட்டும் உடனிருந்தவர்களும் அதன் அடித்தளத்தில் வெடிவைத்து, அலாரக் கடிகாரங்களை இணைத்துவிட்டு வந்துவிட்டார்கள். ஞாயிறு என்றால் பயணிகள் குறைவு என்று பார்த்துத்தான் அந்த நாள் அமைக்கப்பட்டது. ஆனாலும் டின் ஏரியில் 18 பேர் இறந்தார்கள். அவர்களில் 14 பேர் நார்வேக்காரர்கள். யாரையும் முன்கூட்டி எச்சரிக்க முடியாது, எச்சரித்தால் காரியம் கெட்டுவிடும். 'ஹீரோஸ் ஆஃப் டெலிமார்க்' படத்தில் நாயகன் அந்தக் கப்பலில் ஏறிக் குழந்தைகளைக் காப்பாற்ற முயல்கிறார். நிஜத்தில் அப்படி ஒருவர் ஏறவில்லை. தன் ஊர்க்காரர்கள் சாவார்கள் என்று தெரிந்தே வெடிவைத்துவிட்டுப் போனவனின் மிச்ச வாழ்க்கை எப்படி இருக்கும்? அதை எழுத வேண்டியிருந்தது. கப்பலேற வைத்ததால் அந்தக் கேள்வியிலிருந்து படம் தப்பித்துக்கொண்டது.

குழுவுக்கு வெளியே சாகிறவர்களையும் எண்ணுங்கள் என்று நான் சொல்வது இதைத்தான். சிங்கப்பூரில் 1943 செப்டம்பரில் நடந்ததைப் பாருங்கள். பழைய ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்றுக்கு 'கிரெய்ட்' என்று பெயரிட்டு, தோலுக்கு மை பூசிக்கொண்டு, ஆஸ்திரேலியாவிலிருந்து 14 பேர் வந்தார்கள். அதில் ஆறு பேர் மடக்குப் படகுகளில் துறைமுகத்துக்குள் துடுப்புப் போட்டுப் போய்க் கப்பல்களில் காந்தவெடிகளை ஒட்டினார்கள். ஏழு கப்பல்கள் மூழ்கின அல்லது சேதமாகின. 14 பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள். எடுத்தவுடன் படமாக்கலாம் போன்ற வெற்றி. ஆனால் இது உள்ளூர்க்காரர்களின் சதி என்று ஜப்பானிய ரகசியக் காவல்படை நினைத்தது. அக்டோபர் 10 அன்று தொடங்கி, சாங்கி சிறையில் இருந்தவர்களும் நகரவாசிகளுமாக 57 பேரைப் பிடித்து மாதக்கணக்கில் வதைத்தார்கள். அதில் 15 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட அந்தப் படகைப் பற்றி எதுவும் தெரியாது. படகு திரும்பிப் போகும் காட்சியோடு கதையை முடிப்பதா, வதைக்கூடத்தையும் சேர்த்துச் சொல்வதா என்பதில்தான் எழுதுகிறவர் யாரென்று தெரியும்.

நமக்கே மிக நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' (1957) ஏழு ஆஸ்கர் வாங்கிய படம். பாலத்தைத் தகர்க்கக் காட்டின் வழியே போகிற சிறு கமாண்டோக் குழுவும் அதில் உண்டு. ஓர் எதிரியை நேருக்கு நேர் பார்த்ததும் கத்தியைப் பாய்ச்ச முடியாமல் உறைந்து நிற்கிற இளம் வீரன் ஜாய்ஸ், அந்த வகையில் நான் பார்த்த மிக உண்மையான பாத்திரங்களில் ஒருவன். படப்பிடிப்பு நடந்தது இலங்கையின் கித்துல்கலையில், களனி ஆற்றில். ஆனால் நிஜப் பாலத்தைக் கமாண்டோக்கள் தகர்க்கவில்லை. 1945இல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டன. அந்தப் பாலம் இருந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் செத்தவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமில்லை. கைதிகளின் சாவு 12,000க்கு மேல் என்றால், ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப் போலப் பல மடங்கு. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பல்லாயிரம். மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் 'சயாம் மரண ரயில்' என்றால் தாத்தா ஒருவர் திரும்பி வராத கதை வரும். உலகமே சீட்டியடித்துப் பாடிய அந்தப் படத்தில் அவர்கள் இல்லை. இந்த வெறுமையைப் பார்த்துப் பழகிய நாம், இன்னொரு நாட்டின் ஊருக்குள் நம் கமாண்டோக்களை அனுப்பும்போது, அந்த ஊரில் வாழ்கிறவர்களையும் வெறுமையாக்கலாமா?

'தி டர்ட்டி டசன்' (1967) படத்தை உங்களில் பலர் ரசித்துப் பேசினீர்கள். பன்னிரண்டு கைதிகளுக்குப் பயிற்சி தரும் பகுதி எனக்கும் பிடிக்கும். ஆனால் கடைசியில் நிலவறைக்குள் பூட்டப்பட்ட ஜெர்மன் அதிகாரிகள்மீதும் அவர்களோடு இருந்த பெண்கள்மீதும் காற்றுக்குழாய் வழியாகப் பெட்ரோல் ஊற்றி வெடிகுண்டு போடும் காட்சியை மறுபடி பாருங்கள். அதைக் கைதட்டலுக்குரிய காட்சியாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ராபர்ட் ஆல்ட்ரிச்சும் கைதட்டலுக்காக எடுத்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். உங்கள் ரெஃபரன்ஸ் பட்டியலில் அது 'மாஸ் கிளைமாக்ஸ்' என்று இருந்தது. அதைத் தயவுசெய்து மாற்றுங்கள்.

'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' (1961) வெடிகளுக்காகப் பேசப்படுகிற படம். அதில் வெடியைவிடப் பெரிய காட்சி, கால் முறிந்து கிடக்கும் தோழன் ஃபிராங்க்ளினிடம் மாலோரி பொய் சொல்வது. திட்டம் மாறிவிட்டது என்கிறார். எதிரியிடம் பிடிபட்டு மருந்து கொடுத்து விசாரிக்கும்போது ஃபிராங்க்ளின் அந்தப் பொய்யை உண்மையென்றே உளறவேண்டும் என்பது கணக்கு. இது தெரிந்ததும் டேவிட் நிவென் ஏற்ற மில்லர் பாத்திரம் கொதிக்கிறதே, அந்தக் கோபத்தை எழுத முடிந்தால் உங்கள் குழுவுக்கு உயிர் வந்துவிடும்.

பட்ஜெட் இல்லை என்று சொன்னவர்களுக்கு ஒரு படம்: 'கஜாக்கி' (2014). 2006 செப்டம்பரில் ஆப்கானிஸ்தானின் கஜாக்கி அணைக்கு அருகே, வறண்ட ஆற்றுப்படுகையில், சோவியத் காலத்துக் கண்ணிவெடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் வீரர்களின் நிஜக் கதை. எதிரி யாரும் வந்து தாக்குவதில்லை. ஒருவர் கால் வைக்கிறார், வெடிக்கிறது. அவரைத் தூக்கப் போகிறவர் எங்கே கால் வைப்பது? படம் முழுக்க இதுதான். வலியில் கிடந்தபடியே கேலி பேசி ஒருவரையொருவர் விழிப்பாக வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவர் பெயரும் பார்க்கிறவருக்கு மனப்பாடமாகிவிடுகிறது, ஏனென்றால் அவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாலாற்றிலோ வைகையிலோ கோடையில் எடுக்கக்கூடிய படம் அது.

கடைசியாக ஒரு கதையை உங்கள் கையில் கொடுக்கிறேன். இதை யாராவது எழுதுங்கள்.

1942இல் பினாங்கில் இந்திய விடுதலைக்காகப் போராடியவர்கள் ஒரு ரகசியப் பயிற்சி நிலையம் நடத்தினார்கள். அங்கே பயிற்சி பெற்ற இளைஞர்கள் சிறு குழுக்களாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். திருவிதாங்கூரின் வக்கத்தில் பிறந்து, பிழைப்புக்காக மலாயா போயிருந்த அப்துல் காதர் அவர்களில் ஒருவர். அவருடைய குழு ஜப்பானிய நீர்மூழ்கியில் வந்து, செப்டம்பர் மாதம் மலபார்க் கரையில் தானூருக்கு அருகே இறங்கியது. வந்த சுருக்கிலேயே பிடிபட்டார்கள். மற்ற வழிகளில் நுழைந்தவர்களும் பிடிபட்டார்கள். விசாரணை மதராஸில் நடந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று காதர், அனந்தன் நாயர், சத்யேந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரும் மதராஸ் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். சாவதற்கு முன் காதர் தன் தந்தைக்கு எழுதிய கடிதம் கேரளத்தில் பலருக்குத் தெரியும். தூக்கு நடந்த நகரத்தில் இருக்கிற நமக்குத் தெரியாது. சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கத்தில் நின்ற அந்தப் பழைய சிறையையும் இடித்துவிட்டார்கள்.

இதில் வெற்றி இல்லை, வெடி இல்லை. ஒரு தமிழ்ப் படத்துக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. ஒரு மலையாளி முஸ்லிம், ஒரு நாயர், ஒரு வங்காளி, ஒரு சீக்கியர், நான்கு பேரும் நான்கு வீட்டுப் பிள்ளைகள். நீர்மூழ்கியின் வயிற்றுக்குள் மூச்சுமுட்டக் கிடந்த நாட்கள் இருக்கின்றன. இரவில் கடலிலிருந்து ஏறி வரும் அந்நியர்களைக் கரையில் பார்த்த ஊர்மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயந்தார்களா, காட்டிக்கொடுக்கும்படி ஆனார்களா, பிறகு உண்மை தெரிந்தபோது என்ன நினைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். அவர்களை வில்லன்களாக்கிவிடாதீர்கள்.

எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய மதராஸ் அரசின் கோப்புகள் அங்கேதான். இந்த வழக்கைப் பற்றி என்ன கிடைக்கிறது என்று அங்கே தேடத் தொடங்குங்கள். பிறகு வக்கத்துக்கும் தானூருக்கும் போய்வாருங்கள். நால்வரைப் பற்றியும் தனித்தனியாக ஒரு பக்கம் எழுதிவிட்டு, அதற்கப்புறம் முதல் காட்சியை எழுதுங்கள். காப்பகத்துக்கு விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுமானால் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் கதைகளைக் கேட்டுவரும் அண்ணன்